சொந்தக் கையால் செப்பனிட்ட சிவப்பு வண்டி

"மனுஷன் தன் சொந்தக் கையால ஓர் எந்திரத்துக்கு உயிர் குடுக்கிறானே, அந்த நேரத்துலதான் அவன் படைப்போட ரகசியத்தைத் தொடுறான்" என்றார் பல் டாக்டர்.

"ஆ" என்றார் நாற்காலியில் மல்லாந்து கிடந்த தபால்காரர். வாயில் பஞ்சும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டரின் இரண்டு விரல்களும் இருக்கும்போது யாராலும் அதற்கு மேல் ஆமோதிக்க முடியாது.

டாக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவருடைய தத்துவங்களுக்கு அந்த அறையில் இதுவரை மறுப்பு வந்ததே இல்லை. கடைவாய்ப் பல்லில் மருந்தை வைத்து அழுத்திவிட்டு, "அப்படியே கடிச்சுக்கிட்டு இருங்க, இறுகணும்" என்று சொல்லி, பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவர் மறைந்துவிட்டார். ஊரில் மற்ற பல் டாக்டர்களிடம் அந்த மருந்து கொட்டாவி விடும் நேரத்தில் இறுகிவிடும். இவரிடம் மட்டும் ஏனோ தாமதமாகும். பக்கக் கதவுக்கு அந்தப்புறம் ஷெட் இருந்தது. ஷெட்டுக்குள் வண்டி இருந்தது.

இரண்டே பேர் உட்காரும் பழைய சிவப்புப் பந்தயக் கார். கூரை கிடையாது. நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, குட்டையான கதவுகள். நிற்கும்போதே எங்கோ கிளம்பிவிட்டது போல ஒரு தோரணை. மூடிப்போன மில் ஒன்றின் கொட்டகையில் அதை டாக்டர் முதலில் பார்த்தபோது பின்பக்கத்தில் கோழிகள் குடியிருந்தன. டாக்டர் கண்ணுக்குக் கோழிகள் தெரியவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்த அவருடைய மகள் இப்போது படிப்பை முடித்து, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள். வண்டி மட்டும் ஷெட்டை விட்டு எங்கும் போகவில்லை.

ஆனால் அந்த வருஷங்களை வீண் என்று சொன்னால் நமக்கு நரகம்தான். வாய்க்குள் பார்க்கும் சின்ன வட்டக் கண்ணாடியை கார்புரேட்டருக்குப் பின்னால் நுழைத்து, அங்கே ஒளிந்திருந்த ஒரு திருகாணியைக் கண்டுபிடித்த நாளில் அவர் அடைந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட முகத்தில் தெரிந்ததில்லை. மனைவியே சொல்லியிருக்கிறாள், ஆல்பத்தைக் காட்டி. பல்லிடுக்கில் காரை சுரண்டும் கொக்கியால் பெட்ரோல் போகும் துளைகளைச் சுத்தம் செய்வார். குழந்தைகளின் பிரஷ்ஷால் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். பிறகு ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மோந்து பார்ப்பார். பெட்ரோல், கிரீஸ், பழைய தோல், கொஞ்சம் துரு. அந்த வாசனையைப் பாட்டிலில் அடைத்து விற்றால் முதல் ஆளாக வாங்கிப் பூசிக்கொள்வார். கருவிகள் கிளினிக்கிலிருந்து ஷெட்டுக்குப் போயின. சில திரும்பியும் வந்தன. ஒருமுறை ஒரு பேஷண்ட் மருந்தில் பெட்ரோல் வாசனை அடிப்பதாகச் சொன்னார். "புதுசா வந்திருக்கிற கம்பெனி" என்றார் டாக்டர், கண் இமைக்காமல்.

வெளியிலிருந்து வரவேற்பு மேஜையின் குரல் கேட்டது. "என்னங்க! தபால்காரர் இன்னும் கடிச்சுக்கிட்டே இருக்கார். வீட்டுல சொல்லியனுப்பணுமா?"

அது டாக்டரின் மனைவி. கிளினிக்கில் பேஷண்டுகளை வரிசைப்படுத்துவதும் வீட்டில் டாக்டரை வரிசைப்படுத்துவதும் அவள் பொறுப்பு. சிவப்பு வண்டியை அவள் வண்டி என்று சொல்வதில்லை. "உங்க பேஷண்ட்" என்பாள். "உங்க பேஷண்ட் இன்னிக்கு இருமினாளா?" "உங்க பேஷண்டுக்கு எண்ணெய் ஒழுகுது, கீழ தட்டு வச்சிருக்கேன்."

டாக்டருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பிறவிக் குணமோ, வண்டி வந்த பிறகு ஒட்டிக்கொண்டதோ, யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு வாய் உள்ளே போகும், மூன்றாவது வாய் பாதி வழியில் நிற்கும், கண் சுவரைத் துளைக்கும், "அந்த நட்டை நான் இறுக்கினேனா?" என்று எழுந்துவிடுவார். கை கழுவாமலே போய் நட்டை இறுக்குவார். மாமனார் சாவுக்குப் போன இடத்தில், மாலையைக் கையில் வைத்துக்கொண்டே, கிளட்ச் தகடு எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று யோசித்து, மாலையை எதிர்வீட்டு உயிருள்ள பெரியவருக்குப் போடப்போனவர்.

"ஒரே ஒரு சாப்பாடு" என்பாள் மனைவி. "ஒரே ஒரு சாப்பாடு எழுந்திருக்காம என்கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. சாகறதுக்குள்ள பார்க்கணும்."

"வண்டி முடியட்டும், உட்கார்ந்துடறேன்" என்பார் டாக்டர், நின்றுகொண்டே.

இந்த நிலையில்தான் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நெருங்கியது.

பழம்பெரும் பந்தய மோட்டார் வண்டி உரிமையாளர் சங்கம் என்பது முழுப் பெயர். அழைப்பிதழில் அந்தப் பெயரை அடிப்பதற்கே மூன்று பக்கம் போய்விடுவதால் இடமும் நேரமும் நான்காம் பக்கத்தில் இருக்கும். சங்கத்தின் கொள்கை வாசகம் 'சொந்தக் கை'. வண்டிக்குச் சொந்தக்காரர் தன் கையால் வேலை செய்து, தானே ஓட்டி வர வேண்டும். அப்படி வந்தவர்களுக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி. வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களுக்கு நடுவில் மர நாற்காலி. வண்டியே இல்லாமல் ஆள் மட்டும் வந்தால் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. டாக்டருக்கு அங்கே நிரந்தரமாக ஒன்று இருந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. ஆட்டிக்கொண்டே இருக்கலாம் என்பதால் அவருக்கு அது ஒத்துப்போயிருந்தது.

சங்கத்துக்குத் தலைவர் ஒரு வக்கீல். அவரிடம் நீளமான நீல வண்டி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் அதைத் தொடுவார். அதன் பானெட்டைத் திறக்கும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது என்பது சங்கத்தில் எல்லாரும் காப்பாற்றிவந்த ரகசியம். நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவர் பல வருஷமாக ஆசைப்பட்டார். பல்லே வலிக்காமல் மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வந்து, "டாக்டர், அவளை எங்கிட்ட விட்டுடுங்க. ராணி மாதிரி வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

கடைசியாக அவர் வந்துபோன அன்று, மனைவி ஷெட்டின் வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாதபோதுதான் டாக்டருக்குப் பயம்.

"இந்த வருஷக் கூட்டத்துக்கு உங்க பேஷண்ட் தன் கால்லயே போகணும். நான் பக்கத்துல உட்கார்ந்து வருவேன். போகலேன்னா வக்கீல் சாருக்குக் குடுத்துடுங்க. சரியா?"

"அது வந்து, இன்னும் ஒரு கேஸ்கெட்..."

"சரியா, இல்லையா?"

"சரி" என்றார் டாக்டர். சொன்ன பிறகுதான் கையிலிருந்த ஸ்பேனர் கால் மேல் விழுந்ததைக் கவனித்தார்.

அதன் பிறகு அவர் இருந்த இருப்பைச் சொல்ல வேண்டியதில்லை. பேஷண்டுகள் கடித்துக்கொண்டே கிடந்தார்கள். எட்டு எண்ணுவதற்குள் ஷெட்டுக்கும் கிளினிக்குக்கும் நாலு நடை. நடக்கும்போதே ஒரு காலை ஆட்டுவார். எப்படி என்று கேட்காதீர்கள். மனைவியின் தம்பி வேறு அடிக்கடி வந்து வெறுப்பேற்றினான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் லாரி வைத்திருப்பவன். பீரோவையும் கட்டிலையும் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எதைப் பார்த்தாலும் இது லாரியில் ஏறுமா என்று அளக்கும் கண் அவனுக்கு.

"அத்தான், லாரி சும்மாதான் நிக்குது. கயிறும் புதுசு."

"லாரியில் ஏத்தின வண்டியும் பாடையில் ஏத்தின ஆளும் ஒண்ணு. நீ வாயை மூடு."

"மூடிக்கறேன். உங்ககிட்ட வாயைத் திறந்தவன் எவன் சீக்கிரம் வெளிய வந்திருக்கான்?"

பிறகு ஒரு மத்தியானம் எஞ்சின் கிளம்பியது. சாவியைத் திருப்பியதும் ஒரு முனகல், ஒரு இருமல், பின்னால் ஒரு கறுப்புப் புகை மூட்டை. அதற்கப்புறம் அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிச் சலங்கை கட்டின. டாக்டர் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கிளினிக்கில் வாயைப் பாதி திறந்தபடி கிடந்த ஒரு டீச்சரம்மா எழுந்து வந்து பார்த்தபோது, டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். புகை என்றார். அந்தம்மா நம்பவில்லை. நம்பாததற்கு அந்தம்மாவை நாமும் குறை சொல்ல முடியாது.

சீட்டுகள் குஷன் கடையில் இருந்ததால், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து டாக்டர் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பிரேக் தொட்டால் நின்றது. அவ்வளவு சுத்தமாக நின்றதால் டாக்டர் டப்பாவிலிருந்து வழுக்கி முன்னால் போனார். "பிரேக்குன்னா இதுதான் பிரேக்" என்று முட்டியைத் தடவிக்கொண்டே பெருமைப்பட்டார்.

கூட்டத்துக்கு முதல் நாள் சீட்டுகள் வந்தன. மாட்ட வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் டாக்டரின் தொழில் புத்தி குறுக்கே வந்தது.

ஓட்டுகிறவரின் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புத் தண்டவாளம். சீட்டை அதன் மேல் முன்னும் பின்னும் நகர்த்தலாம். நகர்த்திய இடத்தில் நிற்பதற்காகத் தண்டவாளத்தில் வரிசையாகப் பற்கள்; சீட்டிலிருந்து ஒரு கொக்கி இறங்கி இரண்டு பற்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு லீவரை இழுத்தால் கொக்கி எழும்பும். இவ்வளவுதான் விஷயம். ஒரு மெக்கானிக்காக இருந்தால் எண்ணெய் விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பான். டாக்டர் பற்களைப் பார்த்துவிட்டார். துருவேறி, ஓரம் உடைந்து, ஒன்றுக்கொன்று ஒழுங்கில்லாமல் நின்ற பற்கள்.

அவருக்குக் கை துறுதுறுத்தது. தண்டவாளத்தைக் கிளினிக்குக்கே எடுத்துக்கொண்டு போனார். விளக்கை இறக்கினார். முகமூடி போட்டுக்கொண்டார். பல் ராவும் டிரில்லால் ஒவ்வொரு பல்லையும் ராவி, சரித்து, மெருகு போட்டார். முன்பக்கம் செங்குத்தாக, பின்பக்கம் வழவழவென்று சரிவாக. முன்பல் அப்படித்தான் இருக்கும். முடித்துப் பார்த்தால் விளம்பரத்தில் சிரிப்பவள் பல் போல இருந்தது.

"எப்படி?" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அழகா இருக்கு. கடிக்குமா?"

லீவரும் துருப்பிடித்திருந்தது. அதைத் தனியாகக் கழற்றி எங்கோ சுத்தம் செய்ய வைத்தார். லீவர் இல்லாமலே சீட்டை மாட்டினார். "லீவர் எதுக்கு? என் காலுக்கு அளவா வச்சாச்சு. நம்மைத் தவிர யார் ஓட்டப்போறா?" என்றார். கேட்க யாரும் இல்லாததால் வண்டியிடமே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி தலையில் துணி கட்டிக்கொண்டு, மடியில் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். டாக்டர் புதுச் சட்டை, அகல பெல்ட், கறுப்புக் கண்ணாடி. எஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. தெருவே வாசலுக்கு வந்தது. தபால்காரர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கையசைத்தார். காற்று முகத்தில் அடித்தது. மனைவி சிரித்தாள். ரொம்ப வருஷத்துக்கப்புறம் அவள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக டாக்டருக்குத் தோன்றியது.

முதல் திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. டாக்டர் பிரேக்கைத் தொட்டார்.

டக்.

"என்ன சத்தம்?" என்றாள் மனைவி.

"பழைய வண்டின்னா பேசும். அதுதான் அழகு."

வேகத்தடை வந்தது. டக். டாக்டருக்கு ஸ்டீயரிங் கொஞ்சம் பக்கத்தில் வந்தாற்போல் இருந்தது. நல்ல சகுனம், கைக்கு வசதி என்று நினைத்துக்கொண்டார். சிக்னலில் டக். காய்கறி வண்டிக்காரன் திரும்பும் இடத்தில் டக், டக். முட்டிகள் மேலே எழும்பின. அப்போதுதான் டாக்டருக்கு உண்மை உறைத்தது. பிரேக் போடும்போதெல்லாம் கொக்கி அவர் மெருகு போட்ட சரிவில் வழுக்கி ஏறி, அடுத்த பல்லில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. முன்னால் போகும். பின்னால் வராது. முதுகால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். செங்குத்தான பக்கம் கல்லாக நின்றது. அவ்வளவு நல்ல வேலை.

இனி பிரேக்கைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தார். ஒரு சைக்கிள்காரனையும், ஒரு பலூன் விற்கிறவரையும், ஊர்வலம் போலச் சாலையைக் கடந்த வாத்துக் கூட்டத்தையும் ஸ்டீயரிங்கை மட்டும் வைத்துச் சமாளித்தார். மனைவி கூடையை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"என்னங்க, பறக்கறீங்க?"

"பந்தய வண்டி. மெதுவா ஓட்டினா கோவிச்சுக்கும்."

"உங்க மூக்கு கண்ணாடியில இடிக்குது."

"பந்தயக்காரங்க இப்படித்தான் உட்காருவாங்க. காத்தைக் கிழிக்கணும்ல."

மைதானத்து வாசலில் வேறு வழியில்லை. டக். தொப்பை ஸ்டீயரிங்கின் நடுவில் போய் அழுந்தியது. ஸ்டீயரிங்கின் நடுவில் ஹார்ன் இருந்தது.

பாஆஆஆம்!

அப்படியே உள்ளே நுழைந்தார். சங்கமே எழுந்து நின்றது. இப்படி எக்காளம் ஊதிக்கொண்டு யாரும் வந்ததில்லை. கைதட்டல் பறந்தது. டாக்டர் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கினார், ஹார்ன் நின்றது. மூச்சை விட்டார், பாம். இதில் உள்ள விஞ்ஞானம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வண்டியைக் கடைசியாக ஒருமுறை நிறுத்தினார். டக். அதோடு அவருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் சட்டைத் துணிக்கு மட்டும்தான் இடம்.

வக்கீல் வெள்ளைக் கையுறையோடு வந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. சிவப்பு வண்டி கைநழுவிப்போகிறதே என்று அவர் தவிப்பது டாக்டருக்குத் தெரிந்தது.

"வாங்க டாக்டர், வாங்க! இறங்குங்க. முறைப்படி பானெட்டைத் திறந்து, உங்க கையால என்னென்ன செஞ்சீங்கன்னு சபைக்குச் சொல்லணும். அப்புறம்தான் பதக்கம்." குனிந்து உற்றுப்பார்த்தார். "ஏன் ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? வண்டியில ஏதாவது கோளாறா? கோளாறுன்னா பரவாயில்லை, சொல்லிடுங்க. தகுதியில்லைன்னு குறிச்சுக்கலாம்."

டாக்டர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் தண்டவாளத்துப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை அவள் சொன்னால் வண்டி வக்கீல் வீட்டுக்குப் போய்விடும். அவள் கூடையின் மூடியைச் சரிசெய்தாள்.

"நான் இறங்க மாட்டேன்" என்றார் டாக்டர்.

"ஏன்?"

"இத்தனை வருஷம் இவளுக்கு வெளியில நின்னுட்டேன், வக்கீல் சார். மேல, கீழ, பக்கவாட்டுல. இன்னிக்குத்தான் உள்ளே உட்கார்ந்திருக்கேன். இன்னிக்கு என்னை இறக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது." இங்கே மூச்சு தீர்ந்துபோனது. பாம்!

சபை உருகிவிட்டது. முன்வரிசையில் ஒருவர், "கேட்டீங்களா? இதுதான் பக்தி!" என்றார். ஒரு சிமெண்ட் ஏஜெண்ட் கைக்குட்டையை எடுத்தார். பக்தி என்றால் இதுதான் என்று தெரிந்த பிறகு மெத்தை நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எல்லாருக்கும் கூச்சமாகிவிட்டது. ஒவ்வொருவராக எழுந்து போய்த் தங்கள் தங்கள் வண்டியில் ஏறி, இறங்க மாட்டோம் என்ற முகத்தோடு உட்கார்ந்துகொண்டார்கள். முன்வரிசை காலியானது. பிளாஸ்டிக் நாற்காலிக்காரர்கள் அதைப் பார்த்து மெல்ல முன்னேறி மெத்தையில் அமர்ந்தார்கள். தலைவரும் கம்பீரமாகத் தன் நீல வண்டியை நோக்கி நடந்தார். அது பூட்டியிருந்தது. சாவி டிரைவரிடம் இருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். டிரைவர் என்று ஒருவன் இருப்பதே சங்கத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

திரும்பி வந்தவர் பேச்சை ஆரம்பித்தார். "சொந்தக் கை என்ற நம் தாரக மந்திரம்..." பாம். "...வெறும் வார்த்தை அல்ல..." பாம். "டாக்டர், கொஞ்சம் பொறுத்துக்கிட்டா..."

"ஆமோதிக்கிறார்" என்றாள் மனைவி.

பேச்சு அதற்கு முன் எந்த வருஷமும் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை. பதக்கம் குத்த வக்கீல் மண்ணில் ஒரு முட்டியைப் போட்டு மண்டியிட வேண்டியிருந்தது. அவ்வளவு தாழ்வான வண்டி. வெள்ளைக் கையுறை டாக்டரின் சட்டையில் குத்தும் இடம் தேடியது. மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் விரல் நுழையவில்லை. கடைசியில் தோள்பட்டையில் குத்திவிட்டு எழுந்தார். அடுத்த வருஷத்திலிருந்து பதக்கம் தோளில்தான் குத்தப்பட வேண்டும் என்று அங்கேயே ஒரு தீர்மானம் வந்தது. கைதூக்கி நிறைவேற்றினார்கள்.

மத்தியானம் ஆனது. உட்கார்ந்த பக்தர்களுக்குப் பசி எடுக்க, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். டாக்டர் எல்லாருக்கும் ஹார்னாலேயே விடை கொடுத்தார். மைதானம் காலியானது. வேப்பமரத்து நிழல் மெதுவாக வண்டி மேல் வந்தது.

"லீவர் எங்க?" என்றாள் மனைவி.

"கிளினிக்ல, ஸ்டெரிலைசர்ல."

"பல் பிடுங்கற குறடுங்களோடயா?"

"துரு போகட்டும்னு போட்டேன்."

"கிளினிக் சாவி?"

"பேண்ட் பாக்கெட்ல."

இரண்டு பேரும் பாக்கெட்டைப் பார்த்தார்கள். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் அது எங்கோ நசுங்கிக் கிடந்தது.

"அப்ப சீட்டையே கழட்டணும். எல்லாரும் கிளம்பும்போதே ஓடிப் போய் யார்கிட்டயாவது ஒரு ஸ்பேனர் கேட்டிருக்கலாம்."

"இந்தச் சங்கத்துலயா?" என்றார் டாக்டர். அந்த ஒரு கேள்வியில் அவர் சங்கத்தைப் பற்றி அத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த எல்லாம் இருந்தது.

அவள் போனை எடுத்துத் தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசினாள். பிறகு கூடையைத் திறந்தாள். டாக்டருக்கு எழ வேண்டும் போல இருந்தது. காலை ஆட்ட வேண்டும் போல இருந்தது. பின்சக்கரத்து நட்டை இறுக்கினோமா என்ற சந்தேகம் வந்து மண்டைக்குள் சுற்றியது. எழுந்து போய்ப் பார்க்க உடம்பு தவித்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் தட்டில் போட்டு, டாஷ்போர்டு மேல் வைத்தாள். கை எட்டவில்லை என்றதும் அவளே ஊட்டினாள். ஒவ்வொரு வாயும் இறங்கும்போது ஹார்ன் ஒரு தடவை குரல் கொடுத்தது. தட்டு காலியாகும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

"அப்போ வண்டி..." என்றார், தண்ணீர் குடித்துவிட்டு. அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"தன் கால்ல போகணும்னு சொன்னேன். போச்சு." தட்டைத் துடைத்துக் கூடையில் வைத்தாள். "திரும்பி வர்றதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

லாரி வந்தது. தம்பி இறங்கினான். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தான். அத்தானைத் தலையிலிருந்து தொப்பை வரை, ஒரு பீரோவை அளப்பதுபோல அளந்தான். ஒன்றும் சொல்லாமல் இருக்க அவன் பட்ட பாட்டில் காது சிவந்துவிட்டது.

"கயிறு புதுசுன்னு சொன்னேன்ல அத்தான்" என்றான் கடைசியில். பிறகு பலகையைச் சாய்த்து வைத்தான்.

வண்டி லாரியில் வீட்டுக்குத் திரும்பியது. டாக்டர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.